சவரியின் குதிரை ஒவ்வாமை

சவரிக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அவருடைய மகள் சில்வியா உயிர்வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, அதியமான்கோட்டையைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக எழும்பியிருந்த துல்லிய மருத்துவத் தகவலியல் மையத்தில் ஓராண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்திருந்தாள். கீழ்த்தளம் மருத்துவமனை, மேல்தளம் கல்லூரி. ஒவ்வொருவர் உடம்பும் வேறு. ஆகவே தையற்காரர் அளவெடுத்துத் தைப்பது போல ஒவ்வொருவருக்கும் தனி மருந்து, தனி அளவு. அதற்கு ஒவ்வொருவரைப் பற்றிய தகவலும் கணினியில் இருக்க வேண்டும். அதைப் பிழையில்லாமல் ஏற்றப் படித்த பிள்ளைகள் வேண்டும். முதல் வகுப்பில் இதைக் கேட்டபோது சில்வியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல யோசனைதான். அது நடப்பதற்குக் குறுக்கே நின்றது மையம் ஒன்றுதான்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் சந்திரமோகன் வணிகவியலில் டாக்டர். எந்தத் துறையில் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பயிற்சிக்கென்று தனியாக ஒரு கணினி அமைப்பு வேண்டும், மாணவர்கள் அதில் பொய்யான நோயாளிகளை வைத்துப் பழகட்டும் என்று யாரோ சொன்னபோது அவர் மறுத்துவிட்டார்.

"போலித் தகவலில் பயின்றால் போலி நிபுணர்கள்தான் உருவாவார்கள்" என்றார். அந்த வாக்கியம் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டது.

ஆகவே செய்முறைத் தேர்வு, மருத்துவமனையின் அசல் கணினியிலேயே நடந்தது. ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஒரு ஆளின் சுகாதார அட்டை எண்ணைக் கொண்டுவந்து, அந்த ஆளின் நோய்களை ஏற்ற வேண்டும். சில்வியா அப்பாவின் எண்ணைக் கொண்டுபோனாள். அதைப் பார்த்த விரிவுரையாளர் பூவரசனின் முகம் சுருங்கியது.

"சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல, ஒரு தும்மல்கூடவா இல்ல? என்னம்மா ஆளு இவரு?"

"அப்பாவுக்கு ஒண்ணும் வந்ததில்லீங்க சார்."

"ஆரோக்கியமா இருக்கிறவனுக்குப் பாடத்திட்டத்துல மார்க்கே கெடையாதும்மா. சாதா நோய்க்கு அஞ்சு. அபூர்வத்துக்குத்தான் இருபது. பாரு, உன் பக்கத்து பையன் அவங்கப்பாவுக்குக் கர்ப்பம் போட்டுருக்கான். அதுதான் ஆர்வம்."

சில்வியா வெட்கப்படுகிற பிள்ளை. எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பாடப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்திலிருந்து ஒரு நோயை எடுத்து அப்பாவுக்குக் கொடுத்தாள். குதிரைப் புரத ஒவ்வாமை, மிகக் கடுமை. தேர்வு முடிந்ததும் அழித்துவிடுவார்கள் என்று நினைத்தாள். பத்தொன்பது மதிப்பெண் கிடைத்தது. 'குதிரையுடன் கடைசியாகப் பழகிய தேதி' என்ற கட்டத்தைக் காலியாக விட்டதற்காக ஒன்று போனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், மல்பெரித் தோட்டத்தில் தழை அறுத்துக்கொண்டிருந்த சவரியைக் கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்தது.

சில்வியாவின் அண்ணன் விக்டர் அவரை பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்தில் இருக்கிறதே என்று நேராக மையத்துக்குக் கொண்டுவந்தான். சில்வியா மேல்தளத்திலிருந்து ஓடிவந்தபோது அப்பா கட்டிலில் கிடந்தார். கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. பல்லிடுக்கில் ரத்தம் கசிந்தது.

"புழுவுக்கு யாராவது தழ போட்டீங்களா?" என்று கேட்டார். கடைசித் தோலை உரித்து எழுந்த பட்டுப்புழு, ஒரு வேளை பட்டினி போட்டாலும் கூடு கட்டாது.

"யோவ், சும்மா படுய்யா. புழுவாம் புழு" என்றான் விக்டர். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

பணியில் இருந்த மருத்துவர் அமுதவல்லி சின்ன வயதுக்காரர். மையத்தில் ஊசி போடத் தெரிந்த மூன்று பேரில் ஒருவர். சவரி வந்ததும் அவருடைய ரத்தத்தைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் நிறுத்தி வைத்திருந்தார். இருபது நிமிடத்தில் நல்ல ரத்தம் உறைந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அமுதவல்லி குழாயை எடுத்துச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் போல ஓடியது.

"விஷம் ஏறிடுச்சி. மருந்து உடனே போடணும்" என்று கணினியில் தட்டினார்.

மையத்தில் மருந்தைக் கையால் எடுக்க முடியாது. கணினி சம்மதித்தால்தான் எஃகுப் பெட்டகம் திறக்கும். இந்த மருந்து இந்த ஆளுக்குச் சரிதானா என்று அது முதலில் பார்க்கும். அப்படிப் பார்ப்பதில் நாட்டிலேயே முதல் பெட்டகம் என்று விளம்பரம். அது பார்த்தது. திரை சிவந்தது.

'நோயாளி: சவரி. குதிரைப் புரத ஒவ்வாமை: மிகக் கடுமை. ஆதாரம்: தேர்வு நடத்தி உறுதி செய்யப்பட்டது. பாம்புக்கடி மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதால் மறுக்கப்படுகிறது. இந்த நோயாளிக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட மாற்றுச் சிகிச்சை: பாம்புக்கடியைத் தவிர்க்கவும்.'

அமுதவல்லி இரண்டு முறை படித்தார். "ஐயாவுக்குக் குதிரை ஒத்துக்காதா?"

"குதிரையா?" என்றான் விக்டர். "எங்கப்பா குதிர மேல கைகூட வெச்சதில்லீங்க."

"ஒத்துக்காதவங்க கை வைக்க மாட்டாங்கதானே" என்றார், சத்தம் கேட்டு வந்து நின்ற பூவரசன்.

சில்வியா முன்னால் வந்தாள். "மேடம், அது பொய்ங்க. பரீட்சைக்காக நாந்தாங்க போட்டேன்."

விக்டர் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அடித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

"சரி, அழிச்சிடலாம்" என்றார் அமுதவல்லி. அழிக்கும் பொத்தானை அழுத்தினார். 'இது விடைத்தாள். பல்கலைக்கழக முடிவு வெளியாகும்வரை திருத்த இயலாது' என்றது திரை.

"ரிசல்ட் எப்ப சார் வரும்?" என்று கேட்டார் அமுதவல்லி.

"வந்துடும்" என்றார் பூவரசன். "போன வருஷத்துதுகூட இன்னும் வரணும்."

விக்டர் அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான். "பெரியாஸ்பத்திரிக்கே போயிடறோங்க. எங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேணாம்."

அமுதவல்லி தடுத்தார். "ரத்தம் உறைய மாட்டேங்குது. பைக்ல குலுங்கினா உள்ளுக்குள்ள கசியும். வழியிலேயே எதுவும் ஆயிடும். படுக்க வெச்சுத்தான் கொண்டுபோகணும்."

"அப்ப உங்க ஆம்புலன்ஸ கூப்பிடுங்க."

மையத்தின் ஆம்புலன்ஸ், மையம் கொண்டாடும் துல்லிய வார விழாவுக்காக வந்திருந்த ஆய்வுக் குழுவை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல்லுக்கு மீன் சாப்பாட்டுக்குப் போயிருந்தது. வெளியில் அழைத்த வண்டி, தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த இடத்தில் நின்றது. முடிந்ததும் வருவதாகச் சொன்னார்கள். மருந்து மட்டும் அங்கேயே இருந்தது. பெட்டகத்தின் கண்ணாடி வழியாக அந்தக் குப்பிகளைப் பார்க்க முடிந்தது.

இயக்குநரை வரவழைத்தார்கள். சந்திரமோகன் விழா ஒத்திகையிலிருந்து சால்வையோடு வந்தார். சவரியைப் பார்ப்பதற்கு முன் திரையைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அருமை! தடுத்திருக்கு பாருங்க. அந்தக் காலமா இருந்தா கண்ண மூடிக்கிட்டு ஊசியப் போட்டிருப்பாங்க."

"சார், அந்தத் தகவலே தப்பு" என்றார் அமுதவல்லி. "அப்படியே ஒவ்வாமை இருந்தாலும், ஒவ்வாமைய அடக்கற ஊசியக் கையில வெச்சுக்கிட்டுப் போடலாம். போடலைன்னாத்தான் ஆபத்து. பெட்டகத்த மட்டும் தெறந்து குடுங்க."

"டாக்டரம்மா, நோயாளி பொய் சொல்லலாம். நோய்கூடப் பொய் சொல்லலாம். தரவு பொய் சொல்லாது."

"சார், நாந்தான் சார் பொய் சொன்னேன்." சில்வியாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

சந்திரமோகன் அவளைக் கனிவோடு பார்த்தார். "நீ சொல்லியிருக்கலாம்மா. நான் இல்லேங்கல. ஆனா மையம் அதுக்குப் பத்தொன்பது மார்க் போட்டிருக்கு. மார்க் போட்டப்புறம் அது பொய் இல்ல."

சவரி வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினார். விக்டர் துண்டால் துடைத்தான். துண்டு நனைந்து சிவந்தது.

"அப்பா சாவுறாருங்க" என்றான்.

"பதட்டப்படக் கூடாது. வழிமுறை இருக்கு." சந்திரமோகன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒவ்வாமை இல்லைன்னு நிரூபிச்சா கணினியே விலக்கிக்கும். பூவரசன், அந்தச் சோதனையப் படிங்க."

பூவரசன் படித்தார். "'ஒவ்வாமை மறுப்புச் சோதனை. நோயாளியைக் குதிரைக்கு அருகில் நிறுத்தவும். மூச்சுத் திணறலோ அரிப்போ இல்லையெனில் பதிவு செய்யவும்.'"

"குதிரை எங்க கெடைக்கும்?"

"தருமபுரியில கல்யாணத்துக்கு விடற ஒரு குதிரை இருக்கு சார். நம்பர் இருக்கு." பூவரசன் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "பென்னாகரத்துல மாப்பிள்ள அழைப்பாம் சார். மாப்பிள்ள எறங்கினதும் அனுப்பறேங்கறாங்க."

"நல்லது. அதுவரைக்கும் காத்திருப்போம். அவசரம் எப்பவுமே துல்லியத்துக்கு எதிரி." இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துவிட்டது. பூவரசனை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அமுதவல்லி மறுபடியும் ரத்தம் எடுத்து ஒரு குழாயில் வைத்திருந்தார். அதையும் சாய்த்தார். அதுவும் ஓடியது. சவரியின் கண்கள் செருகின. ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சு ஊறிச் சொட்டிக்கொண்டே இருந்தது. சில்வியா அப்பாவின் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. நன்றாகப் படித்த பெண் என்பதால், இதற்கு அடுத்து சிறுநீரகம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அமுதவல்லி அவளைக் கைப்பிடித்து மறைப்புத் துணிக்குப் பின்னால் இழுத்தார்.

"போன மாசம் ரோட்ல அடிபட்ட ஒரு லாரி கிளீனரைத் தூக்கிட்டு வந்தாங்க. ஞாபகம் இருக்கா? பேரு தெரியாது, ஊரு தெரியாது. நான் கேட்டதெல்லாம் பெட்டகம் குடுத்துச்சி. ஏன் தெரியுமா?"

சில்வியா யோசித்தாள். "தகவல் இல்ல. அதனால தடுக்கறதுக்குக் காரணமும் இல்ல."

"அதேதான். இங்க பேரில்லாதவனுக்குத்தான் வைத்தியம் நடக்கும்." அவர் குரலைத் தணித்தார். "உங்கண்ணன் கையெழுத்துப் போட்டு உங்கப்பாவ வெளிய கொண்டுபோகட்டும். ஸ்ட்ரெச்சர் வாசலத் தாண்டினா போதும். அப்புறம் நீ ஒரு ஆளத் தள்ளிக்கிட்டு வா. ரோட்டோரம் கெடந்தாருன்னு சொல்லு. ஒண்ணு மட்டும். சொந்தக்காரங்கன்னு யாராச்சும் வாயத் தெறந்தா, பேரு வந்துடும். பேரு வந்தா பழைய கதை."

விக்டருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் 'சொந்த விருப்பத்தில் வெளியேறுகிறோம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். சந்திரமோகன் வருத்தத்தோடு தலையாட்டினார். "மக்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரல."

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டியது. வெளியே வெயில். நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சில்வியா ஸ்ட்ரெச்சரைத் திருப்பினாள்.

"அண்ணா, நீ உள்ள வராத. வந்தா அழுதுடுவ."

"நீ?"

அவள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சந்திரமோகன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூவரசன் அதே கணினி முன் இருந்தார். உள்ளே வந்தது அதே லுங்கி, அதே வீங்கிய கால், அதே ரத்தம்.

"யாரும்மா இது?" என்றார் பூவரசன்.

"தெரியாதுங்க சார். ரோட்டோரம் கெடந்தாரு."

"பேரு?"

"தெரியாதுங்க."

சவரி கண்ணைத் திறக்காமல் முனகினார். "சில்வியா... தாயி..."

பூவரசனின் விரல்கள் நின்றன. "உன் பேரச் சொல்றாரே?"

சில்வியா தன் கழுத்திலிருந்து தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இதப் பாத்துப் படிச்சிருப்பாருங்க."

"அப்ப எழுத்தறிவு உண்டுன்னு போட்டுக்கறேன்." தட்டினார். "கடைசிக் கேள்வி. கண்டெடுத்தவர் சத்தியமாச் சொல்லணும். இவருக்கும் உனக்கும் ஏதாவது உறவு உண்டா?"

சில்வியா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள். சிலுவை அடையாளம் போடாமல் சோற்றில் கை வைக்காதவள்.

"இந்த மனுஷர எனக்குத் தெரியவே தெரியாதுங்க சார்" என்றாள்.

திரை பச்சையானது. 'அடையாளம் தெரியாத ஆண். முரண் எதுவும் இல்லை.' பெட்டகம் மெல்லிய சத்தத்தோடு திறந்தது. அமுதவல்லி குப்பிகளை அள்ளிக்கொண்டு ஓடினார்.

சந்திரமோகன் ஸ்ட்ரெச்சரை எட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இந்தப் பக்கமெல்லாம் பாம்பு அதிகமாயிடுச்சி போலிருக்கே" என்றார். "முன்னாடி வந்த ஆளுக்கும் இதே எடத்துலதான் கடி. பூவரசன், இது ஒரு போக்கு. வரைபடமாப் போடுங்க."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அமுதவல்லி ஒவ்வாமையை அடக்கும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஒன்றும் ஆகவில்லை. தோல் தடிக்கவில்லை, மூச்சு திணறவில்லை. பொழுது சாய்ந்த பிறகு எடுத்த ரத்தம் குழாயில் பாதி உறைந்தது. இன்னொரு சுற்று மருந்து காலையில் போட்டாக வேண்டும் என்றார் அமுதவல்லி. அதுவரை இவர் பெயரில்லாமலே இருக்க வேண்டும்.

விடிந்ததும் சவரி கண் விழித்தார். சில்வியா பாயாசத்தைவிட நீர்த்த கஞ்சியை ஊட்டிக்கொண்டே, உதட்டை அதிகம் அசைக்காமல் நடந்ததைச் சொன்னாள். குதிரையைச் சொன்னாள். மூன்று கேள்விகளையும் சொன்னாள். சொல்லும்போது தலை நிமிரவில்லை.

சவரி கஞ்சியை விழுங்கினார். "ஆண்டவரோட மொதச் சீடரு ராயப்பரே அவரத் தெரியாதுன்னு மூணு தடவ சொன்னாரு. அவரு கையிலதான் மோட்சத்துச் சாவியக் குடுத்து வெச்சிருக்குது. நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கற?" பிறகு கேட்டார். "புழுவுக்குத் தழ போட்டீங்களா?"

"அண்ணன் ராத்திரி பூரா அதான் செஞ்சிது."

பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. சந்திரமோகன் ஆய்வுக் குழுவோடு உள்ளே வந்தார். ஒளிப்படக்காரர் ஒருவரும் வந்தார். பூவரசன் கணினியைச் சக்கரப் பலகையில் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். சில்வியா சட்டென்று எழுந்து, சம்பந்தமில்லாதவள் போலச் சுவரோடு நின்றாள்.

"நேற்று ஒரே நாளில் இரண்டு சாதனைகள்" என்று இயக்குநர் குழுவுக்கு விளக்கினார். "சவரி என்பவருக்கு ஒவ்வாத மருந்து செல்லாமல் தடுத்தோம். அவர் எங்கள் மையத்தை விட்டு உயிரோடு வெளியேறினார். அதே மாலை, அடையாளம் தெரியாத இந்த மனிதரைக் காப்பாற்றினோம். ஒரே கடி, இரண்டு மனிதர்கள், இரண்டு வேறு முடிவுகள். ஆளுக்கேற்ற மருத்துவம் என்றால் இதுதான்."

குழுவினர் கைதட்டினார்கள். அவர்களில் மூத்தவர், மீன் ருசி இன்னும் முகத்தில் இருந்தவர், கட்டிலருகே குனிந்தார். "ஐயா, இப்ப நினைவு திரும்பியிருக்கும். உங்க பேரு என்னங்க?"

பூவரசன் விரல்களைத் தட்டச்சுப் பலகை மேல் தயாராக வைத்தார். அமுதவல்லி இரண்டாம் சுற்றுக்காகப் பெட்டகத்தின் அருகில் கை நீட்டியபடி நின்றார்.

"தெரியலீங்க" என்றார் சவரி.

"ஊரு?"

"அதுந்தாங்க தெரியல."

"ராத்திரி பூரா இந்தப் பொண்ணு உங்க பக்கத்துலயே இருந்துச்சாமே. இவங்க யாரு, உங்களுக்குத் தெரியுமா?"

சவரி சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தார். தலை கலைந்திருந்தது. துப்பட்டாவில் அவருடைய ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கே சொல்லிவிடுவாரோ என்று அவள் பற்களைக் கடித்தாள்.

"இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்லீங்க" என்றார். "ஆனா இப்படி ஒரு மக எனக்கு எங்கியோ இருக்குதுன்னு மட்டும் தோணுதுங்க."

"மகள் இருப்பதாக ஓர் எண்ணம்" என்று சொல்லிக்கொண்டே பூவரசன் அதை நோய்க்குறிகளின் கட்டத்தில் ஏற்றினார். சந்திரமோகன் அது எப்போதிலிருந்து இருக்கிறது என்றும் கேட்டுப் போடச் சொன்னார்.

பெட்டகம் மறுபேச்சில்லாமல் திறந்தது. அமுதவல்லி குப்பிகளை எடுத்தார்.

முதல் சொட்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு சில்வியா நிதானமாக நடந்து அறையை விட்டு வெளியேறினாள். தாழ்வாரத்தின் கடைசிவரை போய், வாசலையும் தாண்டி, நெடுஞ்சாலையின் இரைச்சலுக்குள் நின்றுகொண்டுதான் அழுதாள். உள்ளே அழுதிருக்க முடியாது. தெரியாத ஒருவருக்காக அழுகிறவர்களுக்கென்று திரையில் தனிக் கட்டம் இருந்தது.